ஆம்பிளைகள் கட்டும் பாவாடையா?



ஸ்கொட்லாந்துக்காரர்களின் ஊர்வலம் ஒன்றை டீவியில் காட்டினார்கள். முழங்கால் வரை கட்டம் போட்ட உடுப்பு, கையில் பை வைத்த குழல். "ஆம்பிளைங்க பாவாடை கட்டியிருக்காங்க!" என்று லயத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த உடுப்பின் கதையைச் சொன்னோம். சிரிப்பு அடங்கிப் போச்சு. உங்களுக்கும் சொல்கிறோம்.

ஸ்கொட்லாந்து நமக்கு அந்நியமான பெயர் இல்லை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த நாட்டுக்காரர்தான். டன்சினேன், பெல்மோரல், எடின்பரோ என்று நாம் சொல்லும் தோட்டப் பெயர்களும் அங்கிருந்து வந்தவையே.

அந்த உடுப்புக்குப் பெயர் கில்ட். கம்பளி நூலில் நெய்த கட்டத் துணியை டார்ட்டன் என்பார்கள். நல்ல கில்ட் ஒன்றுக்கு எட்டு யார் துணி பிடிக்கும். பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாகத் தைப்பார்கள். முன்னால் தொங்குவது பணப்பை.

இது அங்குள்ள மலைநாட்டுச் சனங்களின் உடுப்பு. அவர்களில் பலர் அரசனுக்கு எதிராகக் கிளம்பி 1746இல் தோற்றுப் போனார்கள். உடனே சட்டம் வந்தது: ஆண்கள் அந்த உடுப்பு உடுத்தக்கூடாது. பட்டாளத்துக்காரருக்கு மட்டும் விலக்கு. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் மறியல். இரண்டாம் தடவை, கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழு வருடம் நாடு கடத்தல்! 1782இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

துன்பம் அதோடு முடியவில்லை. செம்மறியாடு வளர்ப்பதற்காக நிலச் சொந்தக்காரர்கள் குடியிருந்த சனத்தை வெளியேற்றினார்கள். பலர் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள். அங்கே நோவா ஸ்கோஷியா என்ற மாகாணத்தின் பெயருக்கே 'புதிய ஸ்கொட்லாந்து' என்றுதான் அர்த்தம். அந்த மாகாணத்து அன்டிகொனிஷ் ஊரில் 1863இல் தொடங்கிய மலைநாட்டு விளையாட்டு விழா இன்றும் நடக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏப்ரல் 6ஆம் திகதி டார்ட்டன் நாள். நியூயோர்க் தெருவில் கில்ட் கட்டி, குழல் ஊதிப் போகிறார்கள்.

எல்லாமே ஆதிகாலத்து வழக்கம் என்று நினைக்க வேண்டாம். இன்ன குடும்பத்துக்கு இன்ன கட்டம் என்ற வழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். ஆனாலும் தடுத்த உடுப்பை அவர்கள் வெட்கப்படாமல் பேரப்பிள்ளைக்கும் கட்டிவிடுகிறார்கள்.

நம்ம பக்கம் பார்ப்போம். நம்ம பாட்டன் பாட்டியும் கடல் கடந்து வந்தவர்கள்தான். தப்பும் காமன் கூத்தும் அவர்களோடு வந்தவை. அதைத் தடுக்க இன்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் தாத்தா தப்பு அடித்தவர் என்று சொல்லப் பேரன் கூசுகிறான். டவுனில் வேலைக்குப் போன பிள்ளை தோட்டத்துப் பேரைச் சொல்லத் தயங்குகிறது. பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நாமே அதைத் தாழ்வாகப் பேசினால் அவர்கள் எப்படித் தொடுவார்கள்?

வருகிற மாசியில் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில், தெரிந்த பெரியவர்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். அடி தெரிந்தவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும்.