பந்தும் உருளையும் பரப்பில் சமமா?

பந்தின் மேற்பரப்பு 4πr² என்று மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். ஏன் சரியாக நான்கு என்று கேட்டவர்கள் குறைவு. விடை ஓர் உருளையில் இருக்கிறது. 7 செ.மீ. ஆரமுள்ள பந்தை, மேலும் கீழும் சுற்றிலும் தொட்டு நிற்கும்படி ஓர் உருளைக்குள் வைப்போம். உருளையின் உயரம் 14 செ.மீ. πஐ 22/7 எனக் கொண்டால் அதன் வளைபரப்பு 616 சதுர செ.மீ.; பந்தின் பரப்பும் அதே 616. இரு மூடிகளையும் சேர்த்தால் உருளைக்கு 924. விகிதம் 2:3.

பந்து உச்சியை நோக்கிக் குறுகுகிறது, உருளை குறுகவே இல்லை, பிறகெப்படிச் சமம்? நியாயமான சந்தேகம்தான். ஆனால் குறுகக் குறுகப் பந்து சாயவும் செய்கிறது. இரண்டையும் ஒரே உயரத்தில் மெல்லிய வளையங்களாக வெட்டிப் பாருங்கள். உருண்டையின் 60 பாகை அட்சரேகையில் வளையத்தின் சுற்றளவு நடுக்கோட்டில் உள்ளதில் பாதி. சரிவினால் அகலமோ இரு மடங்கு. ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது. எல்லா உயரத்திலும் இப்படித்தான். இது தோராயம்தானே என்றால், வளையம் மெலிய மெலியப் பிழை பூஜ்யத்தை நெருங்கும். நுண்கணிதம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பரப்பு இதைவிடக் கூடவும் முடியாது, குறையவும் முடியாது என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவிவிட்டார். அவர் கல்லறையில் பொறித்திருந்ததும் இந்த வடிவங்களைத்தான். கி.மு. 75இல் சிசிலியில் பதவி வகித்த ரோமானியர் சிசரோ, முட்புதருக்குள் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்ததாக எழுதியிருக்கிறார். 1772இல் கணிதவியலாளர் லாம்பெர்ட் இதே சமத்தை உலகப் படத்துக்குப் பயன்படுத்தினார். அதில் கிரீன்லாந்து பக்கவாட்டில் இழுபட்டு நசுங்கியிருக்கும். பரப்பளவு மட்டும் சரியாக இருக்கும்.