ஓய்வுக்குப் பின்னும் சோர்வு நீங்காதது ஏன்?

நன்கு உறங்கி எழுந்தால் நீங்கிவிடும் களைப்பைப் போலன்றி, நெடுங்காலம் தீராத பணி நெருக்கடியால் உண்டாகி, விடுமுறைக்குப் பின்னும் தொடரும் நிலையை உளவியலாளர் பணிச்சோர்வு என்பர். 1974இல் இதனை விவரித்து எழுதிய ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் தொண்டாற்றியவர். ஈடுபாடு மிகுந்தவர்களே இதற்கு எளிதில் ஆட்படுகின்றனர் என்று அவர் கண்டார்.

பின்னர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், உணர்வாற்றல் வறண்டுபோதல், பணியில் எதிர்ப்படும் மனிதர்பால் பற்றற்ற கசப்பு, தன் செயல்திறனில் நம்பிக்கை இழத்தல் என இதன் மூன்று கூறுகளை வகுத்தார். இவற்றுள் இரண்டாவது பெரும்பாலும் குணக்கேடாகவே தவறாகக் கொள்ளப்படுகிறது. நோயாளியிடம் எரிந்துவிழும் செவிலியர், இயல்பிலேயே பரிவற்றவராக இல்லாமல், பரிவு முழுவதும் செலவாகிப்போனவராக இருக்கக்கூடும்.

நெருக்கடி நேரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி தொடங்கிவைக்கும் தூண்டுதலால், சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரைச் சுரந்து உடலை விழிப்பாக்குகின்றன. பணி பற்றிய கவலை இரவிலும் நீடித்தால் இவ்விழிப்பு முறையாகத் தணியாமல், உறக்கமும் அதனால் மறுநாளின் கவனமும் கெடுகின்றன. ஆகவே பணிநேரம் முடிந்தபின் மனமும் பணியை விட்டு விலகுதல் மீட்சிக்கு இன்றியமையாதது.

எனினும் விடுமுறை தரும் நலம் சில வாரங்களில் மங்கிவிடுவதால், பணிச்சுமை, முடிவெடுக்கும் உரிமை, நேர்மையான நடத்துமுறை ஆகியவை பணியிடத்தில் சீர்படாதவரை மீட்சி நிலைப்பதில்லை. 2019இல் உலக சுகாதார அமைப்பு இதனை நோயாகக் கொள்ளாமல் பணிசார் நிகழ்வாக வகைப்படுத்தியது இங்கு எண்ணத்தக்கது. பணிக்கு அப்பாலும் எதிலும் நாட்டமின்மை பரவுமாயின், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடுமாதலால் மருத்துவரை நாடுவதே தக்கது. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே களைப்பைத் தரவல்லவை.