‘வீடு’ ‘வடு’ ஆகும் இடம்: தேடுபெட்டிக்குள் எமது எழுத்துகள்

சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடி ஒன்றில், ஒரு ஞாயிறு மாலை. அம்மம்மா பேத்தியைக் கூப்பிட்டார். "பிள்ளை, கொக்குவில் கௌரியின்ரை மரண அறிவித்தல் வந்திருக்காம். ஒருக்கா எடுத்துத் தாவன்." பேத்தி கைபேசியில் தமிழிலேயே தட்டச்சுச் செய்தாள். "முடிவுகள் எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. பிறகு அந்த மாத அறிவித்தல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனபோது அது அங்கேயே இருந்தது. படமும் ஊரும் பெயரும் எல்லாம் சரி. அம்மம்மா கேட்டார்: "இருக்குதுதானே, பிறகேன் இல்லையெண்டு சொன்னது?"

1980களில் இருந்து வெலஸ்லி, ஷேர்போர்ன், பார்லிமென்ற் வீதிகளுக்கு இடைப்பட்ட இந்த மாடிகளில் குடியேறிய எம்மவர்களின் பல வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கும். ஊரை விட்டு வந்த எங்களுக்கு இணையத்தில் பெயர் தேடுவது பொழுதுபோக்கு அல்ல. பள்ளித் தோழியை, பிரிந்துபோன உறவை, பழைய ஊர்ச் செய்தியை அதன் வழியாகவே பலர் கண்டுபிடிக்கிறோம். ஆகவே தேடுபெட்டி எமது எழுத்தை எப்படி வாசிக்கிறது என்பதை நாம் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன பெயரையே எடுப்போம். கணினிக்கு எழுத்தின் வடிவம் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யுனிகோட் முறையில் ஓர் எண் உண்டு. கணினி அந்த எண்களையே ஒப்பிடுகிறது. ‘கௌரி’ என்பதில் க-வுக்குப் பின்னால் வருவது ஔகாரக் குறி, அதாவது ஒரே எண். ஆனால் எம்மில் பலர் ஒற்றைக் கொம்பையும் ‘ள’ என்ற எழுத்தையும் சேர்த்து ‘கெளரி’ என்று தட்டச்சுச் செய்கிறோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டாவது, ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்ற வேறொரு சொல். அறிவித்தலைத் தட்டச்சுச் செய்தவர் ஒரு விதமாகவும் பேத்தி மற்ற விதமாகவும் எழுதியிருந்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

‘கொக்குவில்’ என்பதிலும் இதற்கு நெருங்கிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். இவை இரண்டும் சமம் என்று யுனிகோட் விதியே சொல்கிறது. இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற படிமுறையும் உண்டு. அதைச் செய்யும் தளத்தில் சொல் அகப்படும். செய்யாத தளத்தில் அகப்படாது. ‘கெளரி’ மயக்கத்தையோ இந்த இயல்பாக்கமும் தீர்க்காது. ‘ள’ என்பது தனி எழுத்து என்பதால் விதி அதைத் தொடுவதில்லை. ‘ஸ்ரீ’ என்பதற்கும் இரண்டு முகம் உண்டு. 2005இல் ‘ஶ’ என்ற எழுத்து யுனிகோடில் சேர்ந்த பின்னர், சில விசைப்பலகைகள் அதைக் கொண்டும் சில பழைய ‘ஸ’ கொண்டும் அதை எழுதுகின்றன.

இது தமிழுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. கனடாவின் மற்ற ஆட்சிமொழியான பிரெஞ்சிலும் உண்டு. மொன்றியல் என்ற பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போது ‘ஈ’ என்ற எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு வரும். அவசரத்தில் தேடும் பலர் அதைப் போடுவதில்லை. அதனால் பல தேடுபொறிகள் மேற்குறிகளைக் கழற்றிவிட்டு ஒப்பிடுகின்றன. பெரும்பாலும் இது உதவிதான். ஆனால் பிரெஞ்சில் மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லும் பாவத்தைக் குறிக்கும் சொல்லும் மேற்குறிகளால்தான் வேறுபடுகின்றன. கழற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சுவீடன் மொழியில் புள்ளியிட்ட எழுத்துகள் அகரவரிசையின் கடைசியில் நிற்கும் தனி எழுத்துகள். அவற்றை அலங்காரம் என்று எண்ணிக் கழற்றினால் வேறு சொல் வந்துவிடும்.

இதே கழற்றும் வழக்கம் தமிழுக்குள் நுழையும்போதுதான் பெரிய சேதம் நேர்கிறது. மேற்குறி நீக்குவதற்கு நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு குறுக்குவழி உண்டு. எழுத்தைப் பிரித்து, ‘இடம்பிடிக்காத குறி’ என்று யுனிகோட் வகைப்படுத்தியவற்றை எல்லாம் அழித்துவிடுவது. பிரெஞ்சின் சாய்கோடு அந்த வகையைச் சேர்ந்தது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும், நெடில் ஈகாரக் குறியும் அதே வகைக்குள் போடப்பட்டுள்ளன. ஆகவே அந்தக் குறுக்குவழியில் ‘வீடு’ போனால் ‘வடு’ திரும்பி வரும். ‘சீனி’ போனால் ‘சனி’ வரும். ‘யாழ்ப்பாணம்’ புள்ளிகள் எல்லாவற்றையும் இழந்து ‘யாழபபாணம’ ஆகும்.

ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்தது. அதை எமது முன்னோர் இடம்பார்த்து வாசித்தார்கள். ஆனால் அவர்களுக்கு மொழி தெரியும். இயந்திரத்துக்கு எண் மட்டுமே தெரியும். எமக்குப் புள்ளி அணி அல்ல. தொல்காப்பியம் மெய்யெழுத்தின் இயல்பாகவே புள்ளியைச் சொல்கிறது.

இன்னொரு வகைக் கருவியையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்ப் பாடசாலை, ஊர்ச் சங்கம், கடை என்று யார் இணையத்தளம் நடத்தினாலும், மக்கள் எந்தச் சொல்லைக் கொண்டு தேடுகிறார்கள் என்று அறிய ‘முதன்மைச் சொல் ஆய்வுக் கருவிகளை’ப் பார்ப்பதுண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால், மாதம் ஏறத்தாழ எத்தனை முறை அது தேடப்படுகிறது என்று அவை சொல்லும். மேற்குறி உள்ள வடிவத்தையும் இல்லாத வடிவத்தையும் சில கருவிகள் சேர்த்து எண்ணும், சில தனித்தனியே எண்ணும். கூகிள் ட்ரென்ட்ஸ் எழுத்துவேறுபாடுகளைத் தானாகச் சேர்ப்பதில்லை. நாம் கொடுத்த வடிவத்தை மட்டுமே எண்ணும்.

எமக்கு இது எவ்வளவு பாதிப்பு என்பதை எமது நகரத்தின் பெயரிலேயே காணலாம். நாங்கள் ‘ரொறன்ரோ’ என்கிறோம். சிலர் ‘ரொறொன்ரோ’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் ‘டொராண்டோ’, ‘டொரண்டோ’ என்று எழுதுகிறார்கள். இவற்றோடு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சுச் செய்யும் எமது பிள்ளைகளின் தேடல்களும் உண்டு. ஒரே ஊரைத் தேடுவோர் நான்கைந்து கூடைகளுக்குள் பிரிந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கூடையிலும் தொகை சிறிதாகவே தெரியும். சில கருவிகள் சிறு தொகையைப் பூச்சியம் என்றே காட்டிவிடும். அதைப் பார்ப்பவர் "தமிழில் ஆரும் தேடுவதில்லை" என்று முடிவுகட்டி, தளத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டால் அம்மம்மாவுக்கு என்ன மிஞ்சும்?

யுனிகோட்டுக்கு முந்திய காலத்தின் கடனும் இருக்கிறது. யுனிகோட்டின் முதற் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியது. ஆயினும் எமது சஞ்சிகைகளும் தளங்களும் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே ஓடின. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல்லை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கணினி சேமித்தது. எழுத்துரு மட்டுமே அதற்குத் தமிழ் முகம் கொடுத்தது. அந்தப் பக்கங்களில் எந்தத் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் நாங்கள். இருந்தும் தேடக் கிடைக்காத எழுத்தாக இன்னொரு பகுதியை நாமே கைவிடுவது சரியாகுமா?

செய்யக்கூடியவை சில உண்டு, அவை கடினமானவையும் அல்ல.

பெயர் தேடும்போது ஒரு முறை கிடைக்காவிட்டால் மறு வடிவத்திலும் தேடுங்கள். ‘கௌ’, ‘மௌ’, ‘சௌ’ வரும் பெயர்களில் ‘ள’ போட்டும் பாருங்கள். ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்தும் பாருங்கள். எழுதும்போது ஔகாரத்துக்கு உரிய விசையையே பயன்படுத்துங்கள். வீட்டில் பழைய பாமினிக் கோப்புகள் இருந்தால் எழுத்துரு மாற்றியில் கொடுத்து யுனிகோட்டில் சேமியுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற எண்ணிம நூலகங்கள் காக்கும் பொருள்களோடு, எமது குடும்ப எழுத்துகளும் தேடக்கூடிய வடிவில் இருக்க வேண்டும்.

தளம் நடத்துவோர், சேமிக்கும் எழுத்தையும் தேடும் எழுத்தையும் ஒரே இயல்பாக்கத்துக்கு உட்படுத்துங்கள். மேற்குறி நீக்கும் படியைத் தமிழுக்கு நிறுத்திவிடுங்கள். ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ ஆக்கிவிடாதீர்கள், ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் கெட்டுவிடும். ‘ள’வின் மேல் புள்ளியோ பின்னால் உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் இரண்டு வடிவத்தையும் தேடச் செய்தால் பெரும்பாலும் போதும். ஆய்வுக் கருவியில் ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் கொடுத்துக் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். கூகிள் ட்ரென்ட்ஸில் சொற்களுக்கு இடையே கூட்டல் குறி போட்டால் அவை சேர்த்து எண்ணப்படும்.

அன்று பேத்தி அறிவித்தலைத் திறந்து கொடுத்தபோது, அம்மம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு இப்பதான் முகத்தைப் பாக்கிறன்" என்றார். ஒரு ‘ள’ அந்த முகத்தை மறைத்திருந்தது. இதைச் சரிசெய்ய எந்த நிறுவனத்தையும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த அறிவித்தலைத் தட்டச்சுச் செய்பவர் எம்மில் ஒருவர்தான்.