ஏல விலை எல்லோருக்கும் தெரியட்டும்

கோயம்பேட்டில் தக்காளி என்ன விலை என்பது தினமும் பத்திரிகையில் வந்துவிடுகிறது. மீனுக்கு அந்த வழக்கம் இல்லை. மீன்பிடித் தடைக்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகக் கூட்டத்தைப் பற்றிய செய்தியோடு நாலைந்து மீன்களின் விலையைப் போடுவார்கள், அத்தோடு சரி. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கடை போடும் பெண், விடியுமுன் காசிமேட்டிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ போய் நின்ற பிறகுதான் அன்றைக்கு வஞ்சிரம் கட்டுப்படியாகுமா, சங்கராவோடு திரும்ப வேண்டுமா என்று தெரிந்துகொள்கிறார். ஏலத்தில் கூடைக் கணக்குதான். மேலே தெரியும் மீனை வைத்து அடியில் கிடப்பதையும் சேர்த்துக் கண்ணாலேயே எடை போட்டுக் கேட்க வேண்டும். அதன் மேல் ஐஸ், கூலி, வண்டி வாடகை. இதில் எதுவும் தெரியாத வாடிக்கையாளர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு அநியாய விலை என்கிறார். ஏல விலையைத் தினமும் பொதுவில் வைத்தால் இவர்கள் இருவருக்குமே நியாயம் கிடைக்கும்.

கேரளத்தில் இதற்குச் சான்று உண்டு. 1997 ஜனவரி 14 காலை வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கடலில் கொட்டினார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் உள்ள செய்தி இது. செல்போன் வந்து, கடலில் இருந்தபடியே விலை விசாரிக்க முடிந்ததும் மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

விலை தெரிந்து என்ன பயன், முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தானே மீனைப் போட்டாக வேண்டும் என்று கேட்பார்கள். இது வலுவான கேள்வி. கடன் கழுத்தைப் பிடித்திருக்கும்போது தகவல் மட்டும் விடுதலை தராது. அதனால்தான் குமரி முதல் திருவனந்தபுரம் வரை மீனவர் சங்கங்கள் ஏலத்தைத் தாங்களே நடத்தின, கடனும் கொடுத்தன. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்த உழைப்பில் எழுந்தது. நார்வே 1938-லேயே பிடித்த மீனின் முதல் விற்பனையை மீனவர் அமைப்புகளிடம் சட்டப்படி ஒப்படைத்தது. ஆனால் அதே வகை மீன் அடுத்த துறையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியாதவருக்கு, முன்பணத்துக்காகத் தான் எவ்வளவு இழக்கிறோம் என்பதே தெரியாது. கணக்குக் கேட்க முதலில் எண் வேண்டும்.

இறால் பண்ணையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கவுண்ட்டை வைத்துத்தான் அங்கே விலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறால் உட்பட பல இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. இப்படிப்பட்ட மாற்றத்தை அமெரிக்க இறக்குமதியாளரோடு நேரடியாகப் பேசும் ஏற்றுமதியாளர் கணக்குப் போட்டுவிடுவார். நாகப்பட்டினத்துக் குளத்துக்காரருக்கு ஏஜென்ட் சொன்னதுதான் விலை. கோலாலம்பூரிலிருந்து இன்ஃபோஃபிஷ் என்ற அமைப்பு உலக மீன் சந்தை நிலவரத்தைத் தொகுத்துத் தருகிறது. அது குளத்தங்கரைக்குத் தமிழில் வர வேண்டும்.

மணிக்கு மணி மாறும் விலையை எழுதி வைத்து என்ன ஆகும் என்பது இன்னொரு வாதம். மாறட்டும். ஏலம் நடந்த நேரம், மீன் வகை, கூடையின் எடை, குறைந்த விலை, கூடிய விலை என்று ஐந்தையும் சேர்த்துப் போட்டால் மாற்றமும் தெரியும். தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் ஏற்கெனவே முக்கியச் சந்தைகளின் விலையைத் திரட்டுகிறது. மீன்வளத் துறை அதே வேலையைக் காசிமேட்டு ஏலத்திலிருந்து தொடங்கி, வியாபாரிகளின் செல்போனுக்குக் குரல் செய்தியாக அனுப்பலாம். சைதாப்பேட்டை மார்க்கெட் வாசலில் மாநகராட்சி ஒரு பலகை வைக்கலாம்.