எப்படி இயங்குகிறது? சிம்மில் நிற்கும் ஃபிளிப்பர்

பால் காய்ச்சும்போது முதலில் அடுப்பை முழுதாக எரியவிடுகிறோம். பொங்கி வரும் நேரம் பார்த்துச் சட்டென்று சிம்முக்குத் திருப்புகிறோம். திருப்ப மறந்தால் அடிப்பிடிக்கும். எடுத்ததுமே சிம்மில் வைத்தால் பால் லேசில் பொங்காது. 1960களிலும் 70களின் முற்பாதியிலும் சிகாகோவில் தயாரான பின்பால் இயந்திரம் ஒன்றை வீட்டில் வைத்துச் சீர்செய்யப் போகிறவருக்கு இந்தச் சமையலறைப் பாடம் போதும், பாதி வேலை புரிந்துவிடும்.

பின்பாலின் உயிர் ஃபிளிப்பர். சாய்ந்த பலகையில் உருண்டு வரும் எஃகுக் குண்டை, பொத்தானை அழுத்தியதும் மேலே அடித்து அனுப்பும் அந்தச் சின்னக் கை. 1947-ல் காட்லிப் நிறுவனம் வெளியிட்ட ‘ஹம்ப்டி டம்ப்டி’ ஆட்டத்தில்தான் அது முதலில் வந்தது. வடிவமைத்தவர் ஹாரி மாப்ஸ். அதற்கு முன் குண்டை ஏவிவிட்டு, பெட்டியைத் தட்டி உலுக்குவதைத் தவிர ஆடுபவருக்குப் பெரிய வேலை இல்லை. இது சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-ல் தடை போட்டது. கைத்திறனுக்கு ஃபிளிப்பர் வந்த பிறகும் அந்தத் தடையை நீக்க 1976 ஆனது. நகராட்சிகளின் வேகம் எங்கும் ஒன்றுதான் போல.

பலகையைத் தூக்கி நிறுத்தி அடியில் பாருங்கள். ஒவ்வொரு ஃபிளிப்பருக்கும் ஒரு காயில் (கம்பிச்சுருள்), அதற்குள் போய்வரும் ஓர் இரும்புத் தண்டு. காயிலில் ஒன்றுக்கு இரண்டு வைண்டிங் சுற்றியிருக்கும். தடித்த கம்பியில் குறைந்த சுற்று ஒன்று. அதில் மின்சாரம் தாராளமாகப் பாயும், தண்டு வெடுக்கென்று உள்ளே இழுபடும். இது முழு நெருப்பு. மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்று இன்னொன்று. அதன் வழியாகச் சொற்பமாகத்தான் பாயும். தூக்கிய ஃபிளிப்பரை அப்படியே பிடித்து நிறுத்த அது போதும். இதுதான் சிம்.

குமிழைத் திருப்புவது யார்? ஃபிளிப்பரேதான். பொங்கி எழுந்த பாலே கை நீட்டி அடுப்பைக் குறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அருகில் இரண்டு உலோகப் பட்டைகள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். அவை தொட்டிருக்கும்வரை மின்சாரம் மெல்லிய வைண்டிங்கை ஒதுக்கிவிட்டுத் தடித்ததில் மட்டும் ஓடும். ஃபிளிப்பர் உச்சிக்குப் போகும்போது அதன் நெம்புகோல் ஒரு பட்டையைத் தள்ளிப் பிரிக்கிறது. உடனே மெல்லிய வைண்டிங்கும் வழியில் சேர்ந்து மின்சாரம் அடங்கிவிடுகிறது.

ஃபிளிப்பர் சோர்ந்துபோய்ப் பாதி தூரம்கூடக் குண்டை அனுப்பவில்லை என்றால் பலரும் காயிலை மாற்ற ஓடுகிறார்கள். காயில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பட்டைகளின் முனை கருகி, தொட்டும் தொடாத நிலையில், ஃபிளிப்பர் ஆரம்பத்திலிருந்தே சிம்மில் எரிந்துகொண்டிருக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகும். பட்டை வளைந்து பிரியவே மறுக்கிறது என்றால் அது எதிர்க்கோளாறு: பொத்தானை அழுத்திப் பிடித்தால் காயில் சுடும், பிறகு புகையும். கையால் ஃபிளிப்பரை உச்சிக்குத் தூக்கிப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும்.

தேய்மானமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் இடித்து இடித்துத் தண்டின் முனை காளான் மாதிரிப் பரந்து, காயிலின் உள் உறைக்குள் சிக்கும். தண்டை மாற்றி, உறைக்குப் புது நைலான் போடலாம். எண்ணெய் மட்டும் விட வேண்டாம். அது தூசியோடு சேர்ந்து பிசினாகும்.

மற்ற பகுதிகளில் கணினி என்று எதுவும் கிடையாது. ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), பெரும்பாலும் சுமார் 25 வோல்ட், பலகைக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். 50 புள்ளி விழுந்தால் மோட்டார் கொஞ்சம் சுற்றி ஐந்து முறை பட்டைகளைத் தட்டும்; ஒவ்வொரு தட்டலுக்கும் பத்துப் புள்ளி, கூடவே ஒரு மணியோசை. எண்ணிக்கை தவறினால் அந்த வழியிலுள்ள பட்டைகளின் நடுவே தடித்த காகிதத்தை விட்டு இழுங்கள். இங்கே உப்புத்தாள் ஆகாது, வெள்ளி முனையைத் தின்றுவிடும். பொறி பறக்கும் இடம் என்பதால் எரியக்கூடிய ஸ்ப்ரே எதையும் அடிக்கக் கூடாது.

பலகையைச் சுத்தம் செய்வதில்தான் ஆர்வக்கோளாறு அதிகம். மேப்பிள் பிளைவுட்டில் அச்சிட்ட வண்ணம், அதன்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு. அழுக்கெடுக்கும் வெள்ளை மெலமைன் பஞ்சும் ஆல்கஹாலும் கறுப்பை மாயமாக எடுக்கும். அழுத்தித் தேய்த்தால் பூச்சையும் படத்தையும் சேர்த்தே எடுக்கும். மரம் வெளியே தெரிகிற இடத்தில் தண்ணீர் படக் கூடாது, உப்பிவிடும். கொஞ்சம் கறை மிஞ்சினால் மிஞ்சட்டும் என்பது என் கட்சி. முகப்புக் கண்ணாடியின் பின்பக்க வண்ணம் உரிந்திருந்தால் துணியே கொண்டுபோக வேண்டாம்.

எல்லாம் முடித்து மூடும்போது பழைய குண்டை மட்டும் திரும்பப் போடாதீர்கள். 27 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு புதிதாக வாங்குவது சொற்பச் செலவு. துருப்பிடித்துச் சொரசொரத்த குண்டு, நீங்கள் மிச்சம் வைத்த வண்ணத்தையும் உருண்ட இடமெல்லாம் சுரண்டிக்கொண்டே போகும்.