கெளுத்திக்கு எந்தத் தீவனம்? மூட்டையில் அச்சடிக்காத கணக்கு

சில வாரங்களாக மீன் தீவனம் பற்றிய ஆய்வுகளையும் வளர்ப்புக் கையேடுகளையும் வாசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மீன் வளர்ப்பவன் அல்ல, சாப்பிடுபவன். ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கெளுத்தி வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கு மேல், பல பண்ணைகளில் முக்கால் பங்கு வரைக்கும், தீவனத்துக்கே போய்விடுகிறது. அப்படியிருக்க, அந்தத் தீவனத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பெரும்பாலும் இரண்டே எண்கள்தான்: மூட்டையின் விலை, மூட்டையில் அச்சடித்திருக்கும் புரதச் சதவீதம். இந்த இரண்டையும் மட்டும் பார்த்தால் கணக்கு எங்கே தப்பும் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் மீன் எது என்று சொல்லிவிடுகிறேன். கெளுத்தி என்றால் ஒரே மீன் இல்லை, அது பெரிய குடும்பம். நான் எடுத்துக்கொள்வது பங்கேசியஸ். நம் ஊர் ஓட்டல்களிலும் உறைமீன் கடைகளிலும் 'பாசா' என்ற பெயரில் கிடைக்கும் முள்ளில்லாத வெள்ளைத் துண்டு பெரும்பாலும் இதுதான். உண்மையில் பாசா என்பது இதன் உறவுக்கார இனம். வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் பெருமளவு வளர்ப்பது 'டிரா' எனப்படும் இன்னொன்று. இந்தியாவில் பங்கேசியஸ் வளர்ப்பில் முன்னால் நிற்பது ஆந்திரா.

பங்கேசியஸ் எதையும் தின்னும். தவிடு, புண்ணாக்கு, சின்ன மீன், பூச்சி, எது கிடைத்தாலும் சரி. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும். இந்த இரண்டு குணங்களும் சேர்ந்துதான் 'இதுக்கு எதைப் போட்டாலும் வளரும்' என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டன. மீன் வளரும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தீவனத்துக்கு எவ்வளவு வளரும்?

இங்கேதான் மூட்டையில் அச்சடிக்காத மூன்றாவது எண் வருகிறது. ஒரு கிலோ மீன் எடை கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் செலவாகிறது என்பதே அது. தீவன மாற்று விகிதம் என்பார்கள், பண்ணைகளில் 'எஃப்.சி.ஆர்.' என்றாலே புரியும். நல்ல பெல்லட் தீவனத்தில் பங்கேசியசுக்கு இது சுமார் 1.5 முதல் 1.7 வரை இருக்கும். பண்ணையிலேயே தவிடும் புண்ணாக்கும் கலந்து போட்டால் 2-ஐத் தாண்டும், 3-க்கு மேலும் போகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகளும் விகிதங்களும் எடுத்துக்காட்டுக்காக நானே வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதி எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் மூட்டை: 24% புரதம், கிலோ 36 ரூபாய், விகிதம் 1.9. ஒரு கிலோ மீனுக்குத் தீவனச் செலவு 68 ரூபாய் 40 காசு.
இரண்டாவது: 28% புரதம், கிலோ 42 ரூபாய், விகிதம் 1.5. செலவு 63 ரூபாய்.
மூன்றாவது: 32% புரதம், கிலோ 50 ரூபாய், விகிதம் 1.45. செலவு 72 ரூபாய் 50 காசு.

கடையில் மலிவானது முதல் மூட்டை. குளத்தில் மலிவானது இரண்டாவது. பத்து டன் மீன் எடுக்கும் குளத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே 54,000 ரூபாய் வித்தியாசம். பல சிறு விவசாயிகளுக்கு லாபமே அவ்வளவுதான் நிற்கும்.

சரி, புரதம் கூடினால் வளர்ச்சியும் அதே அளவு கூட வேண்டாமா? கூடாது. புரதம் மீனின் உடலில் இரண்டு வேலைகளுக்குப் போகிறது. ஒன்று சதை கட்ட, இன்னொன்று எரிபொருளாக. தீவனத்தில் மாவுச்சத்தும் கொழுப்பும் போதாவிட்டால், விலை உயர்ந்த புரதத்தை மீன் விறகாக எரித்துவிடும். எரிசக்தி மட்டும் மிஞ்சினால் வயிற்றுக்குள் கொழுப்பாகச் சேரும். எடைக்கல்லில் அது நன்றாகத் தெரியும், ஆனால் துண்டு போடும்போது கழிவாகப் போகும். ஆக, புரதமும் எரிசக்தியும் ஒன்றுக்கொன்று என்ன பொருத்தத்தில் இருக்கின்றன என்பதே முக்கியம். அமெரிக்காவின் மிசிசிப்பி பகுதியில் வளர்க்கும் கால்வாய்க் கெளுத்தியில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மீன் வயிறு நிறையும் வரை போட்டால், வளர்ந்த மீனுக்கு 28% புரதமே போதும், 32% வைப்பதால் பெரிய ஆதாயம் இல்லை என்று கண்டார்கள். குஞ்சுப் பருவம் வேறு: அப்போது 35 சதவீதத்துக்குக் குறையாமல் வேண்டும். எடை கூடக்கூடப் புரதத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

அடுத்தது, புரதம் எங்கிருந்து வருகிறது என்பது. மூட்டையில் எழுதியிருக்கும் சதவீதம், நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்லும் எண். செரிக்குமா, தேவையான அமினோ அமிலங்கள் இருக்கின்றனவா என்று அந்த எண் சொல்லாது. மீன்தூளில் லைசின் என்ற அமினோ அமிலம் தாராளம், ஆனால் விலை அதிகம். சோயாப் புண்ணாக்கு நல்ல மாற்று. ஆனால் அதைச் சரியாகச் சூடுபடுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை சோயாவில் உள்ள ஒரு பொருள் புரதச் செரிமானத்தையே தடுக்கும். கடலைப் புண்ணாக்கில் லைசின் குறைவு. ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் சேரும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காஸிபால் இருக்கிறது, அது லைசினைக் கட்டிப்போடும். இதில் எதுவும் விலக்கப்பட்டது அல்ல. கலவையில் எவ்வளவு என்பதுதான் விஷயம்.

நிறமும் தீவனத்தோடு சேர்ந்த கதைதான். மஞ்சள் சோளத்தில், குறிப்பாக அதன் குளூட்டனில் உள்ள மஞ்சள் நிறமி கெளுத்தியின் சதையில் படிந்துவிடும். கோழி முட்டையின் கருவுக்கு அழகு சேர்க்கும் அதே நிறமி, இங்கே விலையைக் குறைக்கிறது. வெள்ளைத் துண்டு கேட்கும் சந்தையில் மஞ்சள் துண்டுக்கு மதிப்புக் குறைவு.

இப்ப, மிதக்கும் தீவனமா மூழ்கும் தீவனமா? மிதப்பதற்குக் காரணம் காற்றுதான். மாவுச்சத்துள்ள கலவையை நீராவியோடு, மிகுந்த அழுத்தத்தில், சூடாக அச்சின் வழியே தள்ளுவார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் விட்டுப்போய், பொரி மாதிரி உப்பிவிடும். செலவு கூடுதல்தான். ஆனால் அந்தச் சூட்டில் மாவுச்சத்து வெந்து செரிக்க எளிதாகிறது. அதைவிடப் பெரிய ஆதாயம் கண்ணுக்குத் தெரிவது. கலங்கிய குளத்தில் மீன் சாப்பிடுகிறதா என்பதை அறிய வேறு எளிய வழியே இல்லை. மேலே மிதப்பதைத் தின்னாமல் விட்டால் உடனே நிறுத்திவிடலாம். மூழ்குகிற தீவனம் அடியில் கிடந்து அழுகுவது யாருக்கும் தெரியாது.

அழுகுவது என்றதும் தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். புரதத்தில் 16% நைட்ரஜன். ஒரு கிலோ மீனில் ஏறக்குறைய 160 கிராம் புரதம், அதாவது 26 கிராம் நைட்ரஜன் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன இரண்டாவது மூட்டையில் ஒரு கிலோ மீனுக்காகக் குளத்துக்குள் போவது 67 கிராம் நைட்ரஜன். மீனில் தங்கியது போக 41 கிராம் குளத்தில் மிஞ்சும், பெரும்பகுதி அம்மோனியாவாக. இதே கணக்கில் 24% மூட்டையில் மிஞ்சுவது 47 கிராம், 32% மூட்டையில் 48 கிராம். அதாவது, மலிவான தீவனமும் ஆடம்பரத் தீவனமும் ஏறத்தாழ ஒரே அளவு குளத்தைக் கெடுக்கின்றன! பொருந்திய தீவனம்தான் காசையும் தண்ணீரையும் ஒன்றாக மிச்சப்படுத்துகிறது.

கோழிக் கழிவைப் போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்கள் இறைச்சிக் கடைக் கழிவைக் கொட்டுவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. தீவனச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் வேகாத கழிவு நோய்க்கிருமிகளைக் கொண்டுவருகிறது, தண்ணீர் நாறுகிறது, அந்தத் தண்ணீர் பக்கத்து நிலத்துக்கும் ஓடைக்கும் போகிறது. செலவு இல்லாமல் போகவில்லை, பண்ணைக்காரரிடமிருந்து அக்கம்பக்கத்தாருக்குக் கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தீவனம் வாங்கப்போகும் ஒருவர் என்னிடம் கேட்டால், என் குறிப்பேட்டிலிருந்து இவற்றைச் சொல்வேன்:

தயாரித்த தேதியைப் பாருங்கள். பெரும்பாலான மீன்களாலும், நம்மைப் போலவே, வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது போதாத கெளுத்திக்கு முதுகெலும்பு வளைந்து முறியும். பழைய மூட்டையில் அந்த வைட்டமின் குறைந்துபோயிருக்கும். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.

ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் மிதக்கிறது, எவ்வளவு தூளாகக் கரைகிறது என்று தெரிந்துவிடும். தூளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

பெல்லட்டின் அளவு மீனின் வாய்க்குப் பொருந்த வேண்டும். மீன் வளர வளர அளவையும் மாற்ற வேண்டும்.

விடிந்ததும் கொட்டாதீர்கள். குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறிய பிறகு போட்டால் நன்றாகத் தின்னும்.

கடைசியாக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சு வலை போட்டுக் கொஞ்சம் மீனை நிறுத்து எழுதி வையுங்கள். போட்ட தீவனம் எவ்வளவு, கூடிய எடை எவ்வளவு. அந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் எந்த வியாபாரி என்ன சொன்னாலும் உங்கள் குளத்துக்கு ஏற்ற தீவனம் எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.