லடாக் பயணத்துக்கு எத்தனை லென்ஸ்?

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. மடாலயப் படிகளில் ஏறுகையில் தோள்பையின் சுமை நன்றாகவே தெரியும். இருவாரப் பயணத்துக்கு இரண்டு லென்ஸ்கள் போதும்.

முதலாவது, முழு அளவு சென்சார் கேமராவுக்கான 24–105 மி.மீ. ஜூம். 24-இல் பாங்காங் ஏரியும் மலைகளும் ஒருசேர அடங்கும். 105-இல் மனித முகம் இயல்பாக அமையும். ஹுண்டர் மணல்மேடுகளில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தூசு படியக்கூடும். ஜூம் இருந்தால் கழற்றும் தேவை குறையும்.

இரண்டாவது, 50 மி.மீ. எஃப் 1.8. எஃப் 4 ஜூமைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். படமெடுக்க அனுமதியுள்ள மடாலயக் கூடங்களில் ஃபிளாஷ் இன்றியே எடுக்கலாம். விலையும் எடையும் குறைவு.

சாங்தாங் சமவெளியில் தொலைவில் மேயும் கியாங் காட்டுக்கழுதைகளைப் படமெடுக்க 300 மி.மீ. அல்லது அதற்கும் மேற்பட்ட லென்ஸ் வேண்டும். சில நாள் தேவைக்காக அதை விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

புதிய லென்ஸ் வாங்க எண்ணுவோர், முதலில் தங்கள் பழைய படங்களைக் கணினியில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு படத்தின் குவியத் தூரமும் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். அடிக்கடி பயன்பட்டது எதுவோ, அதற்கே பணத்தை ஒதுக்குங்கள். புறப்படுமுன் தொடர் எண்களைக் குறித்துவைத்து, பயணக் காப்பீட்டில் கேமராவும் அடங்குமா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.